சூரியன் நிலாவைவிட இரண்டு மடங்குதானா? 10⁶, 10³ குழப்பம்

வேர்க்கிளம்பிக்காரி · ஞாயிறு, மாலை 5.40

சித்ரா பௌர்ணமிக்குக் குடும்பத்தோடு கன்னியாகுமரி போயிருந்தோம். ஒரு பக்கம் சூரியன் கடலில் முங்க, மறுபக்கம் நிலா எழும்பி வந்தது. வருஷா வருஷம் பார்க்கிறதுதான். இந்தத் தடவை மகள் ஒரு கேள்வி கேட்டுவிட்டாள். "ரெண்டும் ஒரே அளவாத்தானே இருக்கு? பிறகு சூரியன் பெரிசுன்னு எப்படிச் சொல்றாங்க?"

வீட்டுக்கு வந்து அவளே தேடி எடுத்தாள். சூரியனின் விட்டம் 1.39×10⁶ கி.மீ., நிலாவின் விட்டம் 3.47×10³ கி.மீ. அப்புறம் அவள் சொன்னதுதான் இங்கே எழுதக் காரணம். "மேல இருக்கிற ஆறு, மூணோட ரெண்டு மடங்கு. முன்னால இருக்கிற எண்ணைப் பார்த்தா நிலாதான் பெரிசு. அப்போ சூரியன் ரெண்டு மடங்குகூட வராதும்மா."

தப்பு என்று எனக்குத் தெரிகிறது. ஏன் தப்பு என்று சொல்லத் தெரியவில்லை. நான் பி.காம்., அவள் அப்பா ரப்பர் வெட்டு. ஒன்பதாம் வகுப்பு மெய்யெண்கள் பாடத்தில் இந்த அறிவியல் குறியீட்டில் நல்ல மார்க் வாங்கியவள்தான் இப்படிச் சொல்கிறாள். ஜூனில் பத்தாவது. யாராவது வீட்டுப் பாஷையில் விளக்குங்கள்.

சும்மா_ஒருவன் · ஞாயிறு, மாலை 5.52

நானும் அன்றைக்குக் கடற்கரையில்தான் இருந்தேன். விரலை நீட்டி அளந்தேன். நிலாதான் பெரிசு. சூரியனைப் பெரிசு என்று சொல்வதெல்லாம் ஏமாற்று.

ஓய்வு_கணக்கு · ஞாயிறு, இரவு 7.15

டீச்சராக முப்பது வருஷம் நாகர்கோவில் பக்கம் குப்பை கொட்டியவள் என்ற உரிமையில் சொல்கிறேன், உங்கள் மகள் செய்தது அபூர்வமான தவறு ஒன்றும் இல்லை. நல்ல மார்க் வாங்குகிற பிள்ளைகள்தான் அதிகம் செய்வார்கள். எண்ணை அறிவியல் குறியீட்டில் எழுதச் சொன்னால் புள்ளியை நகர்த்தி எழுதிவிடுவார்கள். எழுதின பிறகு அது என்ன சொல்கிறது என்று யாரும் கேட்பதில்லை.

10⁶ என்பதில் ஆறு என்பது பத்தை ஆறு தடவை பெருக்கச் சொல்லும் ஆணை. அது ஒரு அளவே இல்லை. அதனால் ஆறையும் மூன்றையும் வகுக்கக் கூடாது, கழிக்க வேண்டும். ஆறு தடவை பத்தால் பெருக்கியதை மூன்று தடவை பத்தால் பெருக்கியதால் வகுத்தால் மூன்று பத்துகள் அடிபட்டுப் போகும், மிச்சம் 10×10×10. அதாவது ஆயிரம்.

இப்போது முன்னால் இருக்கும் எண்கள். 1.39 ÷ 3.47 = 0.40. ஆக 0.40×10³. இங்கே இன்னொரு குழி இருக்கிறது. 0.40 என்று விட்டுவிட்டு "ஆயிரம் மடங்கு" என்று எழுதிவிடுவார்கள். முன்னால் இருக்கும் எண் ஒன்றுக்கும் பத்துக்கும் நடுவில் வர வேண்டும், ஆகவே 4.0×10². நானூறு மடங்கு.

மகளிடம் ஒரு பழக்கம் சொல்லிக் கொடுங்கள். இரண்டு பெரிய எண்களைப் பார்த்தால் முதலில் மேலே இருக்கும் அடுக்கை மட்டும் பார்க்கட்டும். ஆறு, மூன்று: ஆயிரம் அளவில் இருக்கிறது. பிறகுதான் முன்னால் இருப்பதைப் பார்த்து அந்த ஆயிரத்தைச் சரிசெய்ய வேண்டும். வீட்டு எண்ணைப் பார்க்கும் முன் ஊர்ப் பெயரைப் பார்க்கிற மாதிரி.

வேர்க்கிளம்பிக்காரி · ஞாயிறு, இரவு 7.48

நன்றி டீச்சர். வாசித்துக் காட்டினேன். "அப்போ 400 மடங்கு பெரிசு ஏன் ஒரே அளவாத் தெரியுது?" என்று திரும்பி வந்துவிட்டாள். தூரம் என்று சொன்னேன். "எவ்வளவு தூரம்?" என்கிறாள். இன்னொன்று, அவள் அப்பா போன் கால்குலேட்டரில் போட்டால் நடுவில் 'ஈ' (E) என்று ஒரு எழுத்து வருகிறது, அது தப்பு என்று சொல்கிறதா?

ஓய்வு_கணக்கு · ஞாயிறு, இரவு 8.05

அந்த 'ஈ' தப்பைக் குறிக்கவில்லை. 'பத்தின் அடுக்கு' என்பதைக் கால்குலேட்டர் அப்படிச் சுருக்கி எழுதும். என் வகுப்பில் ஒரு பையன் அதைப் பார்த்து மிஷின் கெட்டுப்போச்சு என்று மூன்று தடவை அணைத்து அணைத்துப் போட்டான்.

தூரம்: பூமியிலிருந்து சூரியன் சராசரியாக 1.496×10⁸ கி.மீ., நிலா 3.84×10⁵ கி.மீ. நான் விடை சொல்ல மாட்டேன். அவளே வகுத்துச் சொல்லட்டும்.

வேர்க்கிளம்பிக்காரி · ஞாயிறு, இரவு 8.31

நான் மகள்தான் எழுதுகிறேன். எட்டில் அஞ்சு போனால் மூணு. 1.496 ÷ 3.84 = 0.39. அதனால் 3.9×10². 390 மடங்கு. சரியா டீச்சர்?

அப்படின்னா சூரியன் 400 மடங்கு பெரிசு, 390 மடங்கு தூரம். அதான் ஒரே மாதிரி தெரியுது!

ஓய்வு_கணக்கு · ஞாயிறு, இரவு 8.34

அதேதான் மக்ளே. உன் கேள்விக்கு நீயே பதில் கண்டுபிடித்தாய்.

சும்மா_ஒருவன் · ஞாயிறு, இரவு 8.50

இவ்வளவு எதற்கு? தூரங்களைக் கழித்தால் போதாதா? பதினைந்து கோடி கிலோமீட்டரில் நான்கு லட்சத்தைக் கழி. முடிந்தது.

குளச்சல்_வள்ளம் · ஞாயிறு, இரவு 9.02

கழித்தால் என்ன வருகிறது என்று பாரும். 14.96 கோடியில் 3.84 லட்சம் போனால் 14.92 கோடி. நிலா இருந்தாலும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான் என்கிற மாதிரி ஒரு விடை. அதை வைத்து என்ன செய்வீர்? எவ்வளவு கூடுதல் என்று கேட்க வேண்டிய இடம் வேறு, எத்தனை மடங்கு என்று கேட்க வேண்டிய இடம் வேறு. பெட்டி ரூபாய் ஆயிரத்துக்குப் போகிற சாளை ஆயிரத்து நூறுக்குப் போனால் நூறு ரூபாய் பெரிதில்லை. நூறுக்குப் போன பெட்டி இருநூறுக்குப் போனால் கரையில் திருவிழா. கழித்துப் பார்த்தால் இரண்டும் நூறுதான்.

பூதப்பாண்டி_வயல் · ஞாயிறு, இரவு 9.20

இதே தலைவலி எனக்கு டி.எம்.சி.யில் உண்டு. பேச்சிப்பாறை அணைக்கு 48 அடி, அதில் இன்றைக்கு இத்தனை அடி என்று பேப்பரில் போட்டால் எங்களுக்குப் புரியும். மேட்டூருக்கு 93.47 டி.எம்.சி. என்றால் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி. இன்றைக்கு இந்த இழையைப் பார்த்துவிட்டுக் காகிதத்தை எடுத்தேன்.

ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி, 10⁹. கன மீட்டரில் 2.83×10⁷. மேட்டூர் நிறைந்தால் 93.47 × 2.83×10⁷, அதாவது சுமார் 2.65×10⁹ கன மீட்டர். நம் மாவட்டம் 1,672 சதுர கி.மீ., சதுர மீட்டரில் 1.67×10⁹. இரண்டிலும் 10⁹ இருக்கிறது, அடித்துவிட்டேன். 2.65 ÷ 1.67 = 1.59 மீட்டர்.

அதாவது மேட்டூர் தண்ணீர் முழுவதையும் கன்னியாகுமரி மாவட்டத்தில் சமமாகப் பரப்பினால் அஞ்சேகால் அடி நிற்கும். என் வாய்க்கு மேலே. என் மனைவி முங்கிவிடுவாள்.

இன்னொன்றும் போட்டுப் பார்த்தேன். மாவட்டம் முழுக்க ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் 1.67×10⁷ கன மீட்டர். டி.எம்.சி.யில் 0.59. ஒரு சென்டிமீட்டர் மழை என்று செய்தியில் கேட்டால் சாரல் என்று நினைப்போமே, அதற்குள் அரை டி.எம்.சி.க்கு மேல் இருக்கிறது. மலையிலும் கடலோரத்திலும் ஒரே மாதிரி பெய்யாது என்பது வேறு விஷயம்.

நெறியாளர் · ஞாயிறு, இரவு 9.33

நல்ல கணக்கு அண்ணே, ஆனால் இழை சூரியன், நிலா பற்றியது. அணைக் கணக்குக்குத் தனி இழை தொடங்கலாம்.

பூதப்பாண்டி_வயல் · ஞாயிறு, இரவு 9.36

தொடங்கமாட்டேன். சொல்ல வந்ததைச் சொல்லிவிட்டேன்.

சும்மா_ஒருவன் · திங்கள், காலை 6.55

சரி, ஒத்துக்கொள்கிறேன், மடங்குதான். அந்தப் பிள்ளைக்கு ஒரு கேள்வி. வள்ளுவர் சிலை பீடத்தோடு 133 அடி. ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் நிலாவுக்கு எத்தனை சிலை?

வேர்க்கிளம்பிக்காரி · திங்கள், காலை 9.10

மகள். 133 அடி என்றால் 40.5 மீட்டர். 3.84×10⁵ ÷ 40.5 = 9,481 சிலை.

குளச்சல்_வள்ளம் · திங்கள், காலை 9.24

மக்ளே, கொஞ்சம் நில்லு. பத்தாயிரம் சிலைக்கும் கம்மி. ஒவ்வொன்றும் 40 மீட்டர். அப்போ மொத்தம் நான்கு லட்சம் மீட்டருக்கும் கம்மி. கிலோமீட்டரில் சொன்னால் 380 சொச்சம். கன்னியாகுமரியில் பஸ் ஏறித் திருச்சியில் இறங்குகிற தூரம். நிலா திருச்சியிலா இருக்கிறது?

வேர்க்கிளம்பிக்காரி · திங்கள், காலை 9.31

ஐயோ. மேலே கிலோமீட்டர், கீழே மீட்டர். 3.84×10⁸ மீட்டர் என்று போடணும். 9.48×10⁶. சுமார் 95 லட்சம் சிலை!

ஓய்வு_கணக்கு · திங்கள், காலை 11.40

குளச்சல்காரர் பிடித்த விதம் எனக்குப் பிடித்திருக்கிறது. வகுத்துப் பார்த்துப் பிடிக்கவில்லை, திருச்சி பஸ்ஸை வைத்துப் பிடித்தார். விகிதம் என்பதற்கு அலகு கிடையாது. மேலேயும் கீழேயும் ஒரே அலகாக இருந்தால்தான் அது அடிபட்டுப் போகும். ஆனால் விடை எழுதின பிறகு அலகைத் தேடிக்கொண்டிருப்பதைவிட, வந்த விடை நடக்கிற காரியமா என்று ஒரு நிமிஷம் யோசிப்பது வேகமானது.

குமரி_வானம் · திங்கள், பகல் 12.20

இப்போதுதான் இழையைப் பார்த்தேன். 400, 390 என்ற இரண்டு எண்களையும் அருகருகே வைத்துவிட்டு எல்லாரும் அணைக்கும் சிலைக்கும் போய்விட்டீர்கள். அந்தப் பத்து வித்தியாசத்தில்தான் விஷயமே இருக்கிறது.

2010 ஜனவரி 15, தை அமாவாசை. பொங்கலுக்கு மறுநாள். அன்றைக்குக் கன்னியாகுமரியில் மதியம் ஒரு மணி தாண்டிக் கங்கண கிரகணம். நான் அப்போது கல்லூரி மாணவன், கிரகணக் கண்ணாடியோடு கடற்கரையில் நின்றேன். தர்ப்பணம் கொடுக்க வந்த கூட்டமும் கண்ணாடி பிடித்த கூட்டமும் கலந்து நின்றது. நிலா சூரியனின் நடுவில் வந்து நின்றபோது சுற்றிலும் வளையமாக ஒளி மிஞ்சியது. முழுக் கிரகணம் ஆகவில்லை.

ஏன் ஆகவில்லை? சூரியன் 400 மடங்கு பெரிது. அது 400 மடங்கு தூரத்தில் இருந்தால் கச்சிதமாகப் பொருந்தும். சராசரியாக 390 மடங்குதான் தூரம், அதனால் சூரியன் கொஞ்சம் பெரிதாகவே தெரியும். அதிலும் ஜனவரி முதல் வாரத்தில்தான் பூமி சூரியனுக்கு மிக அருகில் இருக்கும். கிரகணத்தன்று சூரியன் 1.471×10⁸ கி.மீ. தூரத்தில் இருந்தது. நிலாவோ தன் பாதையின் தொலைவான முனையை நெருங்கிக்கொண்டிருந்தது, சுமார் 4.05×10⁵ கி.மீ. வகுத்தால் 363. நானூறுக்கு முன்னால் 363 எங்கே? நிலாவால் மூட முடியவில்லை.

நிலா அருகில் வரும் காலத்தில் 3.57×10⁵ வரைக்கும் வரும். அப்போது 1.496×10⁸ ÷ 3.57×10⁵ = 419. நானூறைத் தாண்டிவிட்டது, முழுக் கிரகணம். 2019 டிசம்பர் 26இல் கோவை, திருச்சி பக்கம் தெரிந்ததும் கங்கணம்தான். நிலா சூரியனின் நடுவில் வரும் அடுத்த கிரகணம் முழுதா, கங்கணமா என்று தெரிய வேண்டுமா? அன்றைய தூரங்களை வகுத்து நானூறோடு ஒப்பிட்டால் பெரும்பாலும் தெரிந்துவிடும்.

ஓய்வு_கணக்கு · திங்கள், பகல் 1.05

அருமை. ஒரு சந்தேகம். 363ஐ 400ஆல் வகுத்தால் 0.91 வருகிறது. அந்தக் கிரகணத்தில் சூரியனின் விட்டத்தில் 0.92 பங்கை நிலா மூடியது என்று அப்போது வாசித்த நினைவு.

குமரி_வானம் · திங்கள், பகல் 1.30

டீச்சர் கண்ணில் எதுவும் தப்பாது. தூரங்கள் பூமியின் மையத்திலிருந்து அளந்தவை. நாம் நிற்பது மேல்பரப்பில். நடுப்பகலில் நிலா தலைக்கு மேலே இருக்கும்போது பூமியின் ஆரம், 6.4×10³ கி.மீ., அளவுக்கு அதன் பக்கத்தில் போய்விடுகிறோம். சூரியனின் 10⁸க்கு முன்னால் இந்த 10³ தூசு. நிலாவின் 10⁵க்கு முன்னால் தூசு கிடையாது, கிட்டத்தட்ட ஒன்றரை சதவீதம். அதைக் கழித்தால் நிலா 3.99×10⁵. விகிதம் 369. நானூறால் வகுத்தால் 0.92.

அந்த 0.92 விட்டத்துக்கு. பரப்புக்கு அதையே அதால் பெருக்க வேண்டும்: 0.85. சூரிய வட்டில் நூற்றுக்கு எண்பத்தைந்து மறைந்தும் அன்றைக்கு இருட்டவில்லை, வெயில் மட்டும் சாயங்காலம்போல மங்கியது. மிச்சம் இருந்த பதினைந்து அவ்வளவு வலிது.

ஆன்மிக_அன்பன் · திங்கள், பிற்பகல் 3.15

சூரியனின் தூரம் அதன் விட்டத்தைப்போல 108 மடங்கு. நிலாவின் தூரமும் அதன் விட்டத்தைப்போல 108 மடங்கு. ஜபமாலையில் 108 மணி ஏன் என்று இப்போதாவது புரிகிறதா? முன்னோர் எல்லாம் அளந்து வைத்துவிட்டார்கள்.

குமரி_வானம் · திங்கள், மாலை 4.02

வகுத்துப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் அண்ணா. 1.496×10⁸ ÷ 1.39×10⁶ = 107.6. நிலாவுக்கு 3.84×10⁵ ÷ 3.47×10³ = 110.7. அதுவும் சராசரிதான், நிலாவுக்கு 103இலிருந்து 117 வரை மாதாமாதம் ஏறி இறங்கும். நூற்றெட்டுக்கு அருகில் வருகிறது என்பது உண்மை, அழகும்கூட. மாலையை இதிலிருந்து கோத்தார்கள் என்று சொல்ல இந்தக் கணக்கு போதாது.

ஆனால் அந்த நூற்றுச் சொச்சத்தை வைத்து ஒன்று செய்யலாம். நிலாவை 5 மில்லிமீட்டர் நல்லமிளகு என்று வைத்துக்கொள்ளுங்கள். பூமி 3.7 மடங்கு, அதாவது ஒரு சின்ன நெல்லிக்காய். நெல்லிக்காயிலிருந்து நல்லமிளகு 55 சென்டிமீட்டர் தள்ளி இருக்கும். சூரியன்? நல்லமிளகைப்போல 400 மடங்கு, இரண்டு மீட்டர் உருண்டை, 215 மீட்டருக்கு அப்பால். சூரியனை உங்கள் வீட்டு வாசலில் வைத்தால் நெல்லிக்காயும் நல்லமிளகும் தெருக்கோடியில் கிடக்கும்.

55 சென்டிமீட்டர் என்பது ஏறக்குறைய கை நீளம். ஒரு கண்ணை மூடிக்கொண்டு நல்லமிளகைக் கை நீட்டிப் பிடித்தால் பௌர்ணமி நிலா மறைய வேண்டும். நிலாவுக்கு மட்டும் செய்து பாருங்கள், சூரியனை நோக்கி வேண்டாம்.

வேர்க்கிளம்பிக்காரி · திங்கள், மாலை 6.20

மகள் இப்போதே டப்பாவைத் திறந்து மிளகை ஸ்கேல் வைத்து அளந்துகொண்டிருக்கிறாள். எழும்பும்போது நிலா எவ்வளவு பெரிதாக இருந்தது, அதற்கும் ஒரே மிளகு போதுமா என்று கேட்கிறாள்.

குமரி_வானம் · திங்கள், மாலை 6.41

போதும். கடலோரத்தில் எழும்பும் நிலா பெரிதாகத் தெரிவது கண்ணின் மயக்கம். உண்மையில் அப்போதுதான் ஒன்றரை சதவீதம் சிறிது. மேலே சொன்ன அந்தப் பூமி ஆரம் அப்போது நமக்கு உதவுவதில்லை.

சும்மா_ஒருவன் · திங்கள், இரவு 8.10

எனக்கு இன்னும் இந்த அடுக்கு வேலை எதற்கு என்று விளங்கவில்லை. லட்சம், கோடி, லட்சம் கோடி என்று நம் ஆட்கள் பேசுவதில் என்ன குறை?

ஓய்வு_கணக்கு · திங்கள், இரவு 8.44

குறை ஒன்றும் இல்லை, இடம் தெரிந்து பேசினால். லட்சம் 10⁵, கோடி 10⁷, லட்சம் கோடி 10¹². அடுக்குகளைக் கூட்டினாலே கிடைத்துவிடுகிறது. சந்திரயான்-3க்கு 615 கோடி ரூபாய் ஆனது என்றார்கள். நாட்டில் 140 கோடிப் பேர். கோடியும் கோடியும் அடிபட்டு, தலைக்கு நாலு ரூபாய் நாற்பது காசு. ஒரு சாயாகூட வராது. இங்கே கோடியே போதும். சரக்கல்விளை சிவனும் மேலக்காட்டுவிளை நாராயணனும் தலைமை ஏற்ற இஸ்ரோவின் கணக்கு என்பதால் நமக்கு இது உள்ளூர்க் கணக்கு.

ஆனால் சூரியனின் நிறை கிலோகிராமில் 1.99×10³⁰. கோடி கோடி கோடி கோடி என்று நாலு தடவை சொல்லி, முன்னால் ஒரு இருநூறைப் பிடிக்க வேண்டும். எத்தனை கோடி சொன்னோம் என்று விரல் மடக்குவதற்குப் பதிலாகத்தான் அந்த மேல் எண். பழங்காலத்தில் ஆம்பல், தாமரை, வெள்ளம் என்று பேரெண்களுக்குப் பெயர் வைத்தார்கள். கீழ்ப்பக்கம் மாகாணி, காணி, முந்திரி என்று இறங்கினார்கள். முந்திரி 320இல் ஒரு பங்கு, 3.125×10⁻³. பெயர்கள் அழகானவைதான். ஆனால் ஆம்பலை வெள்ளத்தால் வகுக்கச் சொன்னால் எனக்கும் கை ஓடாது.

குளச்சல்_வள்ளம் · செவ்வாய், காலை 5.50

இரவு தொழிலுக்குப் போய்விட்டு இப்போதுதான் கரை ஏறினேன். எனக்கு ஒரு கேள்வி இருக்கிறது, சின்ன வயதிலிருந்தே. வெளுத்த வாவு (பௌர்ணமி), கறுத்த வாவு (அமாவாசை) இரண்டிலும் வெள்ளம் ஏறுவதும் வற்றுவதும் பெரிதாக இருக்கும். அஷ்டமிக்குக் கடல் சோம்பிக் கிடக்கும். நிலா இழுக்கிறது என்பார்கள். டீச்சர் சூரியனின் நிறைக்கு 10³⁰ போட்டிருக்கிறார். நிலா அதற்கு முன் ஒன்றுமே இல்லையே. பிறகு ஏன் கடல் நிலா சொன்னபடி கேட்கிறது?

ஓய்வு_கணக்கு · செவ்வாய், காலை 7.30

இந்தக் கேள்விக்கு நேற்றே சேர்த்து வைத்த எண்கள் போதும்.

நிறை: சூரியன் 1.99×10³⁰, நிலா 7.35×10²². அடுக்கைக் கழித்தால் எட்டு, முன்னால் 0.27. அதாவது 2.7×10⁷. சூரியன் இரண்டு கோடியே எழுபது லட்சம் மடங்கு கனம்.

தூரம் 390 மடங்கு. ஓதத்தை, அதாவது கடல் வெள்ளம் ஏறி வற்றுவதை, தூக்குவது வெறும் ஈர்ப்பு என்று நினைத்துத்தான் எல்லாரும் குழம்புவது. பூமியின் இந்தப் பக்கத்துக்கும் அந்தப் பக்கத்துக்கும் ஈர்ப்பு எவ்வளவு வித்தியாசப்படுகிறது என்பதுதான் ஓதம். தள்ளிப் போகப் போக ஈர்ப்பு தூரத்தின் வர்க்கத்துக்குக் குறையும்; அந்த வித்தியாசம் தூரத்தின் மூன்றாம் அடுக்குக்குக் குறையும். ஆகவே 390ஐ மூன்று தடவை பெருக்க வேண்டும்: 5.9×10⁷.

2.7×10⁷ ÷ 5.9×10⁷ = 0.46. அடுக்கு இரண்டும் ஏழு, அடிபட்டுப் போயிற்று. நிலா ஒரு ரூபாய்க்குத் தூக்கினால் சூரியன் 46 காசுக்குத் தூக்கும்.

குமரி_வானம் · செவ்வாய், காலை 8.15

அதையே தொடர்கிறேன். வாவு இரண்டிலும் சூரியனும் நிலாவும் பூமியும் ஒரே கோட்டில். 1 + 0.46 = 1.46. அஷ்டமியில் குறுக்கும் நெடுக்குமாக இழுப்பதால் 1 − 0.46 = 0.54. வகுத்தால் 2.7. கணக்குப்படி வாவின் ஓதம் அஷ்டமி ஓதத்தைப்போல இரண்டரை மடங்குக்கு மேல். கரையின் வளைவும் ஆழமும் இதை இடத்துக்கு இடம் மாற்றிவிடும். கன்னியாகுமரியில் நீர்மட்டம் தாழ்ந்து படகு நிறுத்தம் என்று செய்தி வரும் நாளில் காலண்டரைப் பாருங்கள், பெரும்பாலும் பக்கத்தில் ஒரு அமாவாசையோ பௌர்ணமியோ இருக்கும். முன்பெல்லாம் அப்படி நாளில் வள்ளுவர் சிலைக்குப் போகாமல் திரும்பி வருவோம். இப்போது கண்ணாடிப் பாலம் வந்துவிட்டதால் விவேகானந்தர் பாறைக்குப் படகு ஓடினால் போதும், அங்கிருந்து நடந்து போகலாம்.

இன்னொன்று சொல்லாமல் இருக்க முடியவில்லை. விட்டம் 400 மடங்கு என்றால் கன அளவு 400 × 400 × 400 = 6.4×10⁷ மடங்கு. நிறை 2.7×10⁷ மடங்குதான். அப்படியென்றால் நிலாவின் பொருள்தான் நெருக்கம், 2.4 மடங்கு. உண்மையிலேயே நிலாவின் அடர்த்தி தண்ணீரைப்போல 3.34 மடங்கு, சூரியனுடையது 1.41 மடங்கு. சூரியன் வாயு உருண்டை, நிலா பாறை.

வானத்தில் இரண்டும் ஏறத்தாழ ஒரே அளவாகத் தெரிவதால் பெரிசும் தூரமும் ஒன்றையொன்று அடித்துக்கொள்கின்றன. மிஞ்சுவது அடர்த்தி மட்டும். 1.41 ÷ 3.34 = 0.42, அந்தப் பத்து வித்தியாசத்துக்குக் கொஞ்சம் சேர்த்தால் டீச்சரின் 0.46. சித்ரா பௌர்ணமியன்று அந்தப் பிள்ளை "ரெண்டும் ஒரே அளவு" என்று சொன்னதிலேயே குளச்சல் அண்ணனின் கேள்விக்குப் பதில் இருந்திருக்கிறது.

குளச்சல்_வள்ளம் · செவ்வாய், காலை 8.40

பாறையாக இருப்பதால் நிலா ஜெயிக்கிறது. இதை என் அப்பாவிடம் இன்றைக்கே சொல்ல வேண்டும். நம்ப மாட்டார். அப்போ கள்ளக்கடலும் இதில் சேர்த்தியா?

குமரி_வானம் · செவ்வாய், காலை 8.52

இல்லை அண்ணே. அது தெற்கே வெகு தூரத்தில் இந்தியப் பெருங்கடலில் அடிக்கும் புயல்காற்று கிளப்பிவிடும் அலை, நாள் கணக்கில் பயணம் செய்து நம் கரைக்கு வருவது. வாவும் அதுவும் ஒரே நாளில் சேர்ந்தால் கரையில் தண்ணீர் கூடுதலாக ஏறும், அவ்வளவுதான்.

வேர்க்கிளம்பிக்காரி · புதன், இரவு 9.25 (அடுத்த பௌர்ணமி)

எல்லாரும் மறந்திருப்பீர்கள், நாங்கள் மறக்கவில்லை. இன்றைக்கு நிலாவைப் பார்க்க ஏழு மணியிலிருந்து மொட்டை மாடியில் நின்றோம். இடவப்பாதி மழை, வானம் முழுக்க மூட்டம். சோறு ஆறிப்போகிறது என்று நான் கீழே இறங்கிவிட்டேன். எட்டே முக்காலுக்குத் தென்னைகளுக்கு நடுவில் கொஞ்சம் விலகிற்று. மகள் கூப்பிட்டாள். ஒரு கண்ணை மூடி, கை நீட்டி, விரல் நுனியில் நல்லமிளகு. மறைந்தது. அவள் அப்பா பிடித்தபோது மறைந்தும் கொஞ்சம் இடம் மிஞ்சியது, அவர் கை நீளம் குறைவு என்று இவள் கண்டுபிடித்துச் சிரித்தாள். நான் பிடிக்கும்முன் திரும்ப மேகம் மூடிவிட்டது. மிளகு மாடியில் எங்கோ விழுந்துவிட்டது.